மும்பையில் குறையும் வட்டி தாமலுக்கு எப்போ வரும்? ரெப்போ முதல் 'மூணு வட்டி' வரை முழு விளக்கம்

ரெப்போ வட்டி விகிதத்தை 5.25 சதவீதமாகக் குறைத்திருக்கிறது இந்திய ரிசர்வ் வங்கி. 2025 டிசம்பர் 5-ம் தேதி ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ரா இந்த அறிவிப்பை வெளியிட்டார். பிப்ரவரியில் 6.50 சதவீதத்தில் இருந்த விகிதம், ஒரே ஆண்டில் நான்கு முறை குறைக்கப்பட்டு 1.25 சதவீதப் புள்ளிகள் இறங்கியிருக்கிறது.

ஒவ்வொரு முறையும் 'வீட்டுக் கடன், வாகனக் கடன் வட்டி குறையும்' என்று பிரேக்கிங் நியூஸ் ஓடுகிறது. ஆனால், நம்மில் பல பேருக்கு இ.எம்.ஐ. அப்படியேதான் இருக்கு. சிலருக்குக் குறைஞ்சிருக்கு. இன்னும் சிலர் வாங்கியிருக்கிற கடனுக்கும் ரிசர்வ் வங்கிக்கும் சம்பந்தமே இல்லை.

ஏன் இந்த வித்தியாசம்? இதைப் புரிந்துகொள்ள மும்பையில் இருந்து காஞ்சிபுரம் மாவட்டம் தாமல் வரைக்கும் ஒரு வட்டி எப்படிப் பயணம் செய்கிறது என்று பார்க்கலாம். சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி, வராகீஸ்வரர் கோயிலும் பெரிய ஏரியும் உள்ள ஊர் தாமல். விவசாயக் கடன், தறிக்கான கடன், நகைக்கடன், குழுக் கடன் என எல்லா வகைக் கடன்களும் புழங்குகிற வட்டாரம் இது. அதனால் உதாரணத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

ரெப்போ வட்டி என்றால் என்ன?

எளிமையாகச் சொல்லணும்னா, வங்கிகளுக்கு அவசரமாகப் பணம் தேவைப்படும்போது ரிசர்வ் வங்கி கொடுக்கும் குறுகிய காலக் கடனுக்கான வட்டிதான் ரெப்போ. நாம் நகையை வைத்துப் பணம் வாங்குவதுபோல, வங்கிகள் அரசுக் கடன் பத்திரங்களை வைத்து வாங்குகின்றன. குறிப்பிட்ட நாளில் பணத்தைத் திருப்பிக் கொடுத்துப் பத்திரத்தை மீட்டுக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். நம்முடைய வீட்டுக் கடனுக்கு இத்தனை சதவீதம்தான் வட்டி என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போடுவதில்லை. ஒரு காலத்தில் போட்டது. 1994 அக்டோபரில் 2 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கடன்களுக்கான வட்டியை வங்கிகளே முடிவு செய்யலாம் என்று விடப்பட்டது. சேமிப்புக் கணக்கு வட்டியும் 2011 அக்டோபரில் வங்கிகளின் கைக்குப் போனது. இன்று ரிசர்வ் வங்கி நேரடியாகப் பிடித்து வைத்திருப்பது ஒன்றே ஒன்றைத்தான். அது, ஒரே ஒரு ராத்திரிக்குக் கைமாறும் பணத்தின் விலை!

ஒரு ராத்திரி பணத்துக்கு ஏன் இவ்வளவு மவுசு?

ஒவ்வொரு நாள் மாலையும் சில வங்கிகளின் கையில் பணம் மிஞ்சும். சில வங்கிகளுக்குப் பற்றாக்குறை வரும். மிஞ்சிய வங்கி, தேவைப்படும் வங்கிக்கு ஒரு நாளுக்குக் கடன் கொடுக்கும். இதைத்தான் 'கால் மணி' சந்தை என்கிறார்கள்.

இந்தச் சந்தைக்கு ரிசர்வ் வங்கி தரையும் கூரையும் போட்டு வைத்திருக்கிறது.

தரை: மிஞ்சிய பணத்தை எந்த வங்கியும் ரிசர்வ் வங்கியிடமே போட்டு வைக்கலாம். அதற்கு இப்போது 5.00 சதவீதம் வட்டி கிடைக்கும். 2022 ஏப்ரலில் வந்த ஏற்பாடு இது.

கூரை: எங்கேயும் பணம் கிடைக்காத வங்கி, கடைசி வழியாக ரிசர்வ் வங்கியிடம் 5.50 சதவீதத்துக்கு வாங்கிக்கொள்ளலாம்.

இப்போ யோசித்துப் பாருங்க. ரிசர்வ் வங்கியே 5 சதவீதம் தரும்போது, இன்னொரு வங்கிக்கு 4.5 சதவீதத்துக்கு யாராவது கொடுப்பாங்களா? ரிசர்வ் வங்கியிடம் 5.50-க்குக் கிடைக்கும்போது, வெளியே 6 சதவீதம் கொடுத்து யாராவது வாங்குவாங்களா? இரண்டுமே பெரும்பாலும் நடக்காது. அதனால் சந்தை வட்டி தானாகவே இந்த இரண்டுக்கும் நடுவில், ரெப்போவை ஒட்டியே நிற்கிறது.

ஒரு நாள் பணத்தின் விலை இறங்கினால் மூன்று மாதப் பணம், ஓராண்டுப் பணம் என அடுத்தடுத்த விலைகளும் இறங்கத் தொடங்கும். வங்கிக்குப் பணம் கிடைக்கும் செலவு குறையும். பிறகுதான் அது நமக்கு வரும். வரணும்.

விலையை மட்டும் குறைத்தால் போதுமா?

போதாது. பண்டத்தின் விலையைக் குறைத்துவிட்டு, கடையில் சரக்கே இல்லை என்றால் என்ன பயன்? அதனால் பணத்தின் அளவையும் ரிசர்வ் வங்கி கவனித்துக்கொள்கிறது.

வங்கிகள் திரட்டும் டெபாசிட்டில் ஒரு பங்கை வட்டி இல்லாமல் ரிசர்வ் வங்கியிடம் வைத்திருக்க வேண்டும். இதுதான் ரொக்க இருப்பு விகிதம், அதாவது சி.ஆர்.ஆர். 2025 ஜூனில் ரெப்போவை 0.50 குறைத்த அதே நாளில், சி.ஆர்.ஆர். விகிதத்தையும் 4 சதவீதத்தில் இருந்து 3 சதவீதமாகக் குறைப்பதாக அறிவித்தார்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை நான்கு தவணைகளில் இது நடந்தது. இதனால் வங்கிகளுக்கு விடுபட்ட தொகை சுமார் 2.5 லட்சம் கோடி ரூபாய்.

இன்னொரு வழி, வங்கிகளிடம் இருக்கும் அரசுக் கடன் பத்திரங்களை ரிசர்வ் வங்கியே விலைக்கு வாங்குவது. பத்திரம் உள்ளே போகும், பணம் வெளியே வரும். டிசம்பர் அறிவிப்பில் 1 லட்சம் கோடி ரூபாய்க்கு இப்படி வாங்கப்போவதாகச் சொல்லப்பட்டது. பணத்தை இறுக்கணும்னா இதையே திருப்பிச் செய்வார்கள். பத்திரத்தை விற்றுப் பணத்தை உறிஞ்சிவிடுவார்கள்.

யார் முடிவு செய்றாங்க, எதை வைத்து?

ஆறு பேர் கொண்ட நிதிக் கொள்கைக் குழு. மூன்று பேர் ரிசர்வ் வங்கியைச் சேர்ந்தவர்கள், மூன்று பேர் மத்திய அரசு நியமிக்கும் வெளி நிபுணர்கள். ஓட்டு சமமாகப் பிரிந்தால் ஆளுநரின் ஓட்டு தீர்மானிக்கும். 2016 அக்டோபர் முதல் இந்த முறை இருக்கிறது.

இவர்களுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் வேலை, சில்லறைப் பணவீக்கத்தை 4 சதவீதத்தை ஒட்டி வைத்திருப்பது. 2 சதவீதத்துக்குக் கீழேயும் போகக் கூடாது, 6 சதவீதத்துக்கு மேலேயும் போகக் கூடாது.

2022 ஏப்ரலில் பணவீக்கம் 7.79 சதவீதத்தைத் தொட்டது. உக்ரைன் போருக்குப் பிறகு எண்ணெய், கோதுமை என எல்லாமே ஏறியிருந்த நேரம். அந்த மே மாதம் வழக்கமான கூட்டத்துக்குக்கூடக் காத்திருக்காமல், ரெப்போவை 4.00-ல் இருந்து 4.40 சதவீதமாக உயர்த்தினார்கள். 2023 பிப்ரவரிக்குள் அது 6.50 ஆனது. பத்தே மாதத்துக்குள் 2.50 புள்ளிகள் ஏற்றம்!

2025-ல் நிலைமை தலைகீழானது. 2025 அக்டோபரில் பணவீக்கம் வெறும் 0.25 சதவீதம். அப்போதைய கணக்கீட்டு வரிசையிலேயே மிகக் குறைந்த அளவு. விலைவாசி இவ்வளவு அடங்கியிருக்கும்போது கடனை மலிவாக்கி, ஆட்களை வாங்கவும் தொழில் தொடங்கவும் தூண்டலாம் என்பதுதான் கணக்கு.

இந்தக் கருவி எவ்வளவு கூர்மையானது என்று பக்கத்து நாடான இலங்கையிடம் கேட்டால் தெரியும். பொருளாதார நெருக்கடியின் உச்சத்தில், 2022 ஏப்ரல் 8-ம் தேதி இலங்கை மத்திய வங்கி ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் வட்டியை ஏற்றியது. அந்த ஆண்டு செப்டம்பரில் பணவீக்கம் சுமார் 70 சதவீதத்தைத் தொட்டு, பிறகு இறங்கியது. விலைவாசியை அடக்க வட்டியை ஏற்றும்போது, கடன் வாங்கித் தொழில் நடத்தும் சின்ன ஆட்களுக்குத்தான் முதல் அடி.

அப்போ நம்ம இ.எம்.ஐ. எப்போ குறையும்?

இது உங்கள் கடன் எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

முன்பெல்லாம் வங்கிகள் வட்டி ஏறும்போது உடனே ஏற்றும், இறங்கும்போது மெதுவாக இறக்கும். இதைச் சரிசெய்ய 2010-ல் 'பேஸ் ரேட்', 2016-ல் 'எம்.சி.எல்.ஆர்.' என்று ஒன்றன் பின் ஒன்றாக முறைகள் வந்தன. எம்.சி.எல்.ஆர். என்பது வங்கி தன்னுடைய சொந்தச் செலவைக் கணக்கிட்டுச் சொல்லும் விகிதம். அதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரு வங்கி, போன வருஷமே ஒருவரிடம் 7.25 சதவீதத்துக்கு மூன்று வருட டெபாசிட் வாங்கியிருந்தால், இன்று ரெப்போ குறைந்தாலும் அந்த டெபாசிட்டுக்கு 7.25 கொடுத்தே ஆகணும். அதனால் 'எங்க செலவு இன்னும் குறையலையே' என்று வங்கிகள் சொல்லும். அதில் நியாயமும் உண்டு, இழுத்தடிப்பும் உண்டு.

2019 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி இதற்கு முடிவு கட்டியது. தனிநபர்களுக்கும் குறு, சிறு தொழில்களுக்கும் வணிக வங்கிகள் புதிதாகக் கொடுக்கும், மாறும் வட்டிக் கடன்கள் அனைத்தும் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டி மாற்றி அமைக்கப்பட வேண்டும்.

ஆக, உங்கள் கடன் ரெப்போவோடு இணைந்ததாக இருந்தால் அதிகபட்சம் மூன்று மாதத்தில் பலன் வரணும். எம்.சி.எல்.ஆர். கடனாக இருந்தால் ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகலாம், அதுவும் முழுசாக வராது. நிலையான வட்டிக் கடன் என்றால் வராது. வங்கி அல்லாத நிதி நிறுவனங்களுக்கும் வீட்டு வசதி நிதி நிறுவனங்களுக்கும் இந்தக் கட்டாயமே கிடையாது.

10 லட்சம் கடனுக்கு எவ்வளவு மிச்சம்?

ஒருவர் 10 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன், 20 வருடத்துக்கு வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ரெப்போவுக்கு மேல் வங்கி 2.50 சதவீதம் சேர்த்து வசூலிக்கிறது.

ரெப்போ 6.50 இருந்தபோது: வட்டி 9 சதவீதம், இ.எம்.ஐ. 8,997 ரூபாய்.

ரெப்போ 5.25 ஆனபோது: வட்டி 7.75 சதவீதம், இ.எம்.ஐ. 8,209 ரூபாய்.

மாதம் 788 ரூபாய் மிச்சம். 20 வருடத்துக்கும் இதே வட்டி நீடித்தால் மொத்தம் சுமார் 1.89 லட்சம் ரூபாய்.

ஆனால் இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கு. வட்டி குறைந்த பிறகும் பழைய 8,997 ரூபாயையே கட்டிவந்தால், 240 மாதக் கடன் 197 மாதத்தில் முடிந்துவிடும். மூன்றரை வருடம் முன்னாடியே கடன் தீரும். மிச்சமாவது சுமார் 3.9 லட்சம் ரூபாய். இரண்டு மடங்குக்கும் மேல்! கையில் 788 ரூபாய் உடனடியாகத் தேவைப்படாதவர்கள் இதை யோசிக்கலாம்.

வட்டி ஏறும்போது இதே கணக்கு எப்படிக் கடிக்கும் என்பதையும் பார்த்துவிடலாம். ரெப்போ 4 சதவீதமாக இருந்த காலத்தில், இதே 10 லட்சத்துக்கு 6.50 சதவீத வட்டியில் இ.எம்.ஐ. 7,456 ரூபாய். பாக்கித் தொகை 10 லட்சத்தை ஒட்டியே இருக்கும்போது வட்டி 9 சதவீதத்துக்கு ஏறினால், ஒரு மாத வட்டி மட்டுமே 7,500 ரூபாய். அதாவது கட்டுகிற தவணை வட்டிக்கே பத்தாது. அசல் குறைவதற்குப் பதிலாக வளரும்.

2022-23 ஏற்றத்தின்போது பல வங்கிகள் தவணையை ஏற்றாமல், கடன் காலத்தை மட்டும் நீட்டின. தவணை மாறாததால் எத்தனையோ பேருக்கு வட்டி ஏறியதே தெரியவில்லை. இதனால்தான் 2023 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. வட்டி மாறும்போது தவணையில், காலத்தில் என்ன மாற்றம் என்று கடன்தாரரிடம் சொல்ல வேண்டும். தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா என்று கேட்க வேண்டும். அசல் வளரும் நிலைக்கு விடக்கூடாது.

தாமல் வரைக்கும் வருமா?

இதுவரை பார்த்தது வங்கி வாசலுக்குள் இருப்பவர்களின் கதை. கிராமத்துக் கடனில் பாதி கதை அந்த வாசலுக்கு வெளியே நடக்கிறது.

ஏரியில் தண்ணீர் நிறைந்திருந்தாலும், மதகைத் திறந்த உடனே கடைமடை வயல் நனையாது. கால்வாய் சரியாக இருக்கணும். கால்வாயே போகாத வயலுக்கு ஏரியில் தண்ணீர் ஏறினால் என்ன, இறங்கினால் என்ன? வட்டியும் அப்படித்தான். ஒவ்வொரு கடனாகப் பார்க்கலாம்.

பயிர்க்கடன்: தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கங்களில் வாங்கும் பயிர்க்கடனை உரிய தேதிக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டி இல்லை. அதை அரசு ஏற்கிறது. ரெப்போ 4 ஆனாலும் 6.50 ஆனாலும் விவசாயிக்கு வித்தியாசம் தெரியாது. தேதி தவறினால் மட்டும்தான் வட்டி.

நெசவாளர் முத்ரா கடன்: கைத்தறி நெசவாளருக்கு 6 சதவீத வட்டியில் வங்கிகள் மூலம் கிடைப்பது. வங்கி வட்டிக்கும் 6 சதவீதத்துக்கும் இடைப்பட்ட தொகையை மத்திய அரசு மானியமாகக் கொடுக்கிறது. இதிலும் ரெப்போ மாற்றம் நெசவாளருக்குத் தெரியாது, அரசின் மானியச் செலவில்தான் தெரியும்.

கூட்டுறவுச் சங்கம்: காஞ்சிபுரத்துப் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் உறுப்பினர்களுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்து, நெய்த சேலைக்குக் கூலி தருகின்றன. இதற்கான நடைமுறை மூலதனத்துக்குச் சங்கம் கூட்டுறவு வங்கியில் கடன் வாங்குகிறது. சேலை விற்காமல் அலமாரியில் இருக்கிற ஒவ்வொரு மாதமும் வட்டி ஓடும். இங்கே வட்டி குறைந்தால் சங்கத்துக்கு மூச்சு விட இடம் கிடைக்கும்.

நகைக்கடன்: பெரும்பாலும் ஓராண்டுக் கடன், நிலையான வட்டி. நடுவில் குறையாது. மீட்டுவிட்டுப் புதிதாக வைக்கும்போதுதான் புது வட்டி கிடைக்கும். 2026 ஏப்ரல் 1-க்குள் அமலாக வேண்டிய புதிய விதிப்படி, 2.5 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம்.

குழுக் கடன்: பெண்கள் குழுவாகச் சேர்ந்து மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனங்களில் வாங்குவது. முன்பு இதற்கு வட்டி உச்சவரம்பு இருந்தது. 2022 ஏப்ரல் முதல் அது நீக்கப்பட்டு, நிறுவனங்களின் நிர்வாகக் குழுவே வட்டியை முடிவு செய்யலாம் என்றானது. 20 சதவீதத்துக்கு மேல் வட்டி என்பது இங்கே சாதாரணம். வாராவாரம் ஆள் அனுப்பி வசூலிக்கும் செலவும், அடமானம் இல்லாத ஆபத்தும் அந்த வட்டியில் அடங்கியிருக்கிறது. அதில் 1.25 குறைவது கண்ணுக்கே தெரியாது.

கைமாற்று, அடகு, கந்துவட்டி: இங்கே ரெப்போ நுழையவே முடியாது.

பைசாவில் சொன்னால் புரியும்

ஊர்ப்பக்கம் வட்டியைச் சதவீதத்தில் யாரும் சொல்வதில்லை. 'ஒரு வட்டி', 'ரெண்டு வட்டி', 'மூணு வட்டி' என்றுதான் பேச்சு. நூறு ரூபாய்க்கு மாதம் எத்தனை ரூபாய் என்பது கணக்கு. வங்கி வட்டியையும் அதே அளவில் மாற்றிப் பார்த்தால் விஷயம் பளிச்சென்று தெரியும்.

9 சதவீத வீட்டுக் கடன் என்பது 75 பைசா வட்டி. 7.75 சதவீதம் என்பது சுமார் 65 பைசா வட்டி. ஓராண்டு முழுக்க நான்கு கூட்டங்களில் ரிசர்வ் வங்கி குறைத்தது, நூறு ரூபாய்க்கு மாதம் பத்து பைசா!

மூணு வட்டி என்பது வருடத்துக்கு 36 சதவீதம். பத்து வட்டி என்றால் 120 சதவீதம்.

ஒரு நெசவாளர் 50,000 ரூபாயை மூணு வட்டிக்கு வாங்கியிருந்தால் வருடத்துக்கு 18,000 ரூபாய் வட்டி. அதே தொகையை 6 சதவீத முத்ரா கடனாக வாங்கியிருந்தால் 3,000 ரூபாய். வித்தியாசம் 15,000 ரூபாய். ரிசர்வ் வங்கி 2025-ல் குறைத்த 1.25 சதவீதம் முழுசாக அவருக்கு வந்தால்கூட, 50,000 ரூபாய்க்கு வருடம் 625 ரூபாய்தான்.

அதாவது, கடைமடையில் இருப்பவருக்கு ரெப்போ எவ்வளவு குறைந்தது என்பதைவிட, வங்கிக் கடன் அவருக்குக் கிடைக்கிறதா என்பதுதான் பெரிய கேள்வி. வங்கி கேட்கும் ஆவணம், பழைய கடன் வரலாறு, கையெழுத்து, அலைச்சல் என ஒவ்வொன்றும் அவருக்கு ஒரு 'வட்டி' மாதிரிதான். தனியாரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, அது தீரும்வரை வேறு இடத்துக்குத் தறி ஓட்ட முடியாமல் இருப்பவருக்கு, வட்டி கூலியில் இருந்தே போய்விடுகிறது. அது எந்தப் புள்ளிவிவரத்திலும் வட்டியாகத் தெரியாது.

தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டின் அதிக வட்டி வசூல் தடைச் சட்டப்படி தினவட்டி, மணிநேர வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாமே குற்றம். மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ஆனால் அவசரத்துக்கு ராத்திரி எட்டு மணிக்குப் பணம் கொடுக்க வேறு யாரும் இல்லாதவரை, சட்டம் மட்டும் அந்த வட்டியைக் குறைத்துவிடாது.

வட்டி குறைஞ்சும் செலவு ஏன் குறையல?

பட்டு நெசவில் இன்னொரு சிக்கலும் இருக்கு. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளி சுற்றி, தங்க முலாம் பூசியது. தங்கம், வெள்ளி விலை ஏறினால் ஒரு சேலைக்கான முதலீடும் ஏறும்.

2025 அக்டோபரில் சர்வதேசச் சந்தையில் தங்கம் ஒரு அவுன்ஸ் 4,000 டாலரைத் தாண்டியது. இதற்குப் பல காரணங்கள். அதில் ஒன்று, அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் வட்டிக் குறைப்பு. 2023-ல் 5.25 - 5.50 சதவீதத்தில் இருந்த அமெரிக்க வட்டி, 2025 டிசம்பரில் 3.50 - 3.75 சதவீதத்துக்கு வந்துவிட்டது. டாலர் டெபாசிட்டில் வட்டி குறையக் குறைய, வட்டியே தராத தங்கத்தை வாங்கி வைப்பது முதலீட்டாளர்களுக்கு நஷ்டமாகத் தெரிவதில்லை. அதனால் அந்தப் பக்கம் போகிறார்கள்.

இதன் விளைவை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். போன வருடம் 1 லட்சம் ரூபாய் முதலில் ஓடிய தறிக்கு 10 சதவீத வட்டி என்றால் 10,000 ரூபாய். இந்த வருடம் வட்டி 8.75 ஆகக் குறைந்தது, ஆனால் அதே வேலைக்கு 1.25 லட்சம் முதல் தேவைப்படுகிறது என்றால் வட்டி 10,937 ரூபாய். சதவீதம் குறைந்தும் ரூபாய் கூடிவிட்டது. மும்பை முடிவு ஒரு பக்கம் கொடுத்ததை, வாஷிங்டன் முடிவு இன்னொரு பக்கம் எடுத்துக்கொண்ட மாதிரி.

டெபாசிட் போட்டவங்க நிலைமை?

கடன் வாங்கியவருக்கு நல்ல செய்தி என்றால், டெபாசிட் போட்டவருக்கு அது கெட்ட செய்தி. வட்டிக் குறைப்புக்குப் பிறகு வங்கிகள் புதிய டெபாசிட்களுக்கான வட்டியைக் குறைத்துவிட்டன. எஸ்.பி.ஐ. தன் சேமிப்புக் கணக்கு வட்டியை 2025 ஜூனில் 2.50 சதவீதமாக்கியது. ஏற்கெனவே போட்ட நிரந்தர வைப்புக்கு முதிர்வு வரை பழைய வட்டிதான். புதுப்பிக்கும்போதுதான் குறைவு தெரியும்.

அஞ்சலகச் சேமிப்புத் திட்டங்களுக்கு வட்டியை முடிவு செய்வது மத்திய அரசு, ரிசர்வ் வங்கி அல்ல. மூத்த குடிமக்கள் திட்டத்துக்கும் செல்வமகள் திட்டத்துக்கும் 8.2 சதவீதம் 2025-ல் மாறவில்லை. வட்டியை நம்பி வாழும் பெரியவர்களுக்கு இப்போதைக்கு இதுதான் ஆறுதல்.

நீங்க உடனே செய்ய வேண்டியது என்ன?

1. உங்கள் கடன் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். ரெப்போ, எம்.சி.எல்.ஆர்., நிலையான வட்டி - எது என்று எழுதியிருக்கும். எம்.சி.எல்.ஆர். என்றால் ரெப்போவுக்கு மாற்ற என்ன கட்டணம் என்று கேளுங்கள்.

2. அடுத்து வட்டி மாற்றி அமைக்கப்படும் தேதி எது என்று கேட்டு வையுங்கள்.

3. ரெப்போவுக்கு மேல் வங்கி எவ்வளவு சேர்க்கிறது என்று பாருங்கள். புதிதாக வருபவருக்குக் குறைவாகவும் உங்களுக்கு அதிகமாகவும் இருந்தால் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். 2025 அக்டோபர் 1 முதல், மூன்று வருடம் காத்திருக்காமலேயே இதன் ஒரு பகுதியைக் குறைக்க வங்கிகளுக்கு அனுமதி உண்டு.

4. வட்டி குறையும்போது தவணை குறைகிறதா, காலம் குறைகிறதா என்று எழுத்தில் வாங்குங்கள்.

5. முன்கூட்டியே கடனை அடைக்கும் எண்ணம் இருக்கா? 2026 ஜனவரி 1 முதல் வழங்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் மாறும் வட்டித் தொழில் கடன்களில், தனிநபர்களிடமும் குறு, சிறு நிறுவனங்களிடமும் வங்கிகள் இதற்கு அபராதம் வசூலிக்க முடியாது.

6. நெசவாளராக இருந்து வெளிவட்டிக்கு வாங்கியிருந்தால், காஞ்சிபுரத்தில் உள்ள கைத்தறித் துறை அலுவலகத்திலோ வங்கியிலோ நெசவாளர் முத்ரா கடன் பற்றி விசாரியுங்கள். மூணு வட்டியில் இருந்து அரை வட்டிக்கு மாறுவதைவிடப் பெரிய வட்டிக் குறைப்பு எந்தக் கூட்டத்திலும் வரப்போவதில்லை.

2025 டிசம்பர் குறைப்பு உங்கள் கணக்கில் வந்துவிட்டதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்!